ஐயாவின் டிரங்குப் பெட்டியில் ஒரு நைஜீரியப் பேராசிரியர்: இவர் யார்?

கடியாபட்டிக்காரன் கேட்டது:

போன வாரம் முன்னோர் படைப்புக்காக ஊருக்குப் போயிருந்தேன். வருடத்துக்கு ஒருமுறை திறக்கிற வீடு, வௌவால் எச்சமும் தூசியுமாகக் கிடந்தது. பெண்கள் வளவைக் கழுவிக்கொண்டிருந்தார்கள், குறுக்கே நிற்காதே என்று என்னை இரண்டாங்கட்டு அறைக்கு விரட்டிவிட்டார்கள். அங்கேதான் ஐயாவின் டிரங்குப் பெட்டி இருந்தது. மூடியில் வெள்ளைப் பெயின்டில் ரங்கூன் என்று எழுதியிருக்கும், சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன், ஆனால் திறந்து பார்த்ததில்லை. உள்ளே இரண்டு பேரேடு, பர்மிய எழுத்தில் ஏதோ பத்திரங்கள், 1964இல் செல்லாது என்று அறிவித்த 50 கியாட் நோட்டு ஒன்று, அப்புறம் ஒரு கட்டு பேப்பர் கட்டிங்.

கட்டிங் எல்லாமே 2007, 2008 பர்மா செய்திகள். அதில் ஒரு படம் மட்டும் அட்டையில் ஒட்டி வைத்திருந்தது. கோட்டும் டையுமாக ஓர் ஆப்பிரிக்கக்காரர், பக்கத்தில் பர்மாவின் ஜனநாயகத் தலைவி ஆங் சான் சூகி. கீழே 'ஐ.நா. தூதர் கம்பாரி' என்று போட்டிருக்கிறது. அட்டையின் பின்பக்கம் ஐயா பென்சிலால் வரிசையாக ஐந்து கோடு போட்டு, ஆறாவது கோட்டைச் சுற்றி மட்டும் ஒரு வட்டம் போட்டிருக்கிறார். வேறு ஓர் எழுத்து கிடையாது.

ஐயா 1964இல் பர்மாவிலிருந்து வெறும் கையோடு கப்பலேறி வந்தவர். 2008 தீபாவளி முடிந்து பத்து நாளில் போய்விட்டார். அவரைக் கேட்க வழியில்லை. இந்தக் கம்பாரி யார்? ஆரம்பத்திலிருந்தே தூதர் வேலையா, வேறு ஏதாவது பார்த்தவரா? அப்புறம் என்ன ஆனார்? அந்தக் கோடு என்ன கணக்கு? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். கூகுளில் தேடு என்று மட்டும் சொல்லாதீர்கள், தேடினேன், பதவிகளின் பட்டியல்தான் வருகிறது, ஆள் வரவில்லை.

கோட்டையூர் வாத்தியார்:

தம்பி, நான் கல்லூரியில் அரசியல் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவன். பழைய பாடக்குறிப்புகளில் இவர் பெயர் இருக்கிறது, அதனால் சொல்கிறேன்.

இப்ராஹிம் கம்பாரி. 1944 நவம்பரில் நைஜீரியாவின் இலோரின் ஊரில், அங்கத்திய அரச குடும்பத்தில் பிறந்தவர். லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில் 1968இல் பட்டம், பிறகு நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முதுகலை, 1974இல் அங்கேயே முனைவர் பட்டம். அமெரிக்காவிலேயே கொஞ்ச காலம் பாடம் எடுத்துவிட்டு ஊர் திரும்பி சாரியாவில் அகமது பெல்லோ பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானார். ஆக, அசல் வாத்தியார்தான். தூதர் என்பது பின்னால் வந்து சேர்ந்தது.

திருப்பம் 1983இல். லாகோஸில் நைஜீரிய சர்வதேச விவகார நிறுவனம் என்று ஒன்று இருக்கிறது, வெளியுறவு பற்றி ஆய்வு செய்து அரசுக்கு யோசனை சொல்கிற இடம். அதற்கு இவர் தலைமை இயக்குநரானார். அந்த ஆண்டின் கடைசி நாள், டிசம்பர் 31 அன்று, ராணுவம் ஆட்சியைப் பிடித்து புகாரி தலைவரானார். சில நாட்களிலேயே கம்பாரி வெளியுறவு அமைச்சர். வயது 39. இதில் ஒரு வேடிக்கை. அந்த நிறுவனத்தில் இவருக்கு முன்பு தலைவராக இருந்த போலாஜி அகின்யெமி என்ற இன்னொரு பேராசிரியர், 1985இல் புகாரியைக் கவிழ்த்து பாபாங்கிடா வந்ததும், இவருக்கு அடுத்த வெளியுறவு அமைச்சரானார். நிறுவனத்து நாற்காலியில் முன்னே இருந்தவர் மந்திரி நாற்காலியில் பின்னே வந்தார், அவ்வளவுதான் வித்தியாசம்.

அமைச்சராக இருந்தபோது இவர் சொன்ன ஒரு கருத்தைத்தான் நாங்கள் வகுப்பில் எடுப்போம். ஒரு நாட்டின் வெளியுறவு என்பது ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்ட வட்டங்கள் மாதிரி. நடுவட்டத்தில் உன் நாட்டின் பாதுகாப்பும், எல்லையில் இருக்கிற பெனின், கேமரூன், சாட், நைஜர் ஆகிய நாடுகளும். அடுத்த வட்டம் மேற்கு ஆப்பிரிக்கா, அதற்கு வெளியே ஆப்பிரிக்கா முழுவதும், கடைசி வட்டம் உலகம். நம் வீட்டு வளவு, பங்காளி, கோயில், ஊர் என்று வைத்துப் பார்த்தால் புரிந்துவிடும். அதற்கு முன்பு நைஜீரியா, எண்ணெய்ப் பணம் இருந்த தைரியத்தில், ஆப்பிரிக்கா முழுவதற்கும் நாங்கள் பெரியண்ணன் என்று பேசிக்கொண்டிருந்தது. முதலில் வீட்டைப் பார் என்று சொல்ல ஒரு வாத்தியார் தேவைப்பட்டார்.

அப்புறம் சில ஆண்டுகள் மறுபடி அமெரிக்காவில் பாடம். 1990இல் நைஜீரியாவின் ஐ.நா. நிரந்தரப் பிரதிநிதி, 1999 வரை. பிறகு ஐ.நா. பொதுச் செயலாளர் கோஃபி அன்னான் அவரை ஐ.நா. வேலைக்கே எடுத்துக்கொண்டார். ஆப்பிரிக்க விவகார ஆலோசகர், நடுவில் அங்கோலாவில் உள்நாட்டுப் போர் முடிந்த கையோடு அங்கே ஐ.நா. தூதுக்குழுத் தலைவர், 2005இலிருந்து அரசியல் துறைக்கே பொறுப்பு. பர்மா அதன் தொடர்ச்சியாக வந்தது. கோடு விஷயம் எனக்குப் பிடிபடவில்லை.

லாகோஸ் கணக்கன்:

வாத்தியார் நல்ல பக்கத்தை மட்டும் படித்துக் காட்டிவிட்டார். நான் பதினோரு வருடம் லாகோஸில் ஒரு மாவு மில்லில் கணக்கு பார்த்தவன், அங்கே டீக்கடையில், அதாவது டீக்கடை மாதிரி இருக்கிற இடத்தில், பேசுவதைக் கேட்டு வளர்ந்த அறிவு என்னுடையது.

1984 ஜூலை 5. முந்தைய ஆட்சியில் போக்குவரத்து அமைச்சராக இருந்து லண்டனுக்குத் தப்பி ஓடிய உமாரு டிக்கோ என்பவரை அவர் வீட்டு வாசலிலேயே கடத்தி, மயக்க ஊசி போட்டு, மரப்பெட்டிக்குள் வைத்து ஆணி அடித்து, நைஜீரியன் ஏர்வேஸ் சரக்கு விமானத்தில் ஏற்ற ஸ்டான்ஸ்டெட் விமான நிலையத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். பெட்டிக்குள் கூடவே ஒரு மயக்க மருந்து டாக்டர் வேறு, ஆள் மூச்சு விடுகிறாரா என்று பார்க்க! தூதரகச் சரக்கு என்பதற்கான முத்திரையும் தாளும் சரியாக இல்லாததால் கஸ்டம்ஸ்காரர்கள் திறந்து பார்த்துவிட்டார்கள். மூன்று இஸ்ரேலியர்களும் ஒரு நைஜீரியரும் ஜெயிலுக்குப் போனார்கள். எங்களுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றது நைஜீரிய அரசு. பிரிட்டனோடு உறவு முறிகிற அளவுக்குப் போனது. அப்போது வெளியுறவு அமைச்சர் யார்? நம் வாத்தியார்தான். அவருக்கு முன்கூட்டியே தெரியும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பதில் சொல்ல வேண்டிய நாற்காலி அவருடையது.

இன்னொன்று, இது கடியாபட்டித் தம்பிக்குச் சுருக்கென்று தைக்கும், மன்னிக்கவும். 1985இல் அதே அரசு, காகிதம் இல்லாத வெளிநாட்டுக்காரர்கள் என்று சொல்லி சுமார் 7 லட்சம் பேரை நாட்டை விட்டுக் கிளப்பியது, அதில் சுமார் 3 லட்சம் பேர் கானாக்காரர்கள். 1983இல் முந்தைய அரசும் இதையே செய்திருந்தது. நம் ஊர்ச் சந்தையில் தொங்குமே, நீலமும் சிவப்புமாகக் கட்டம் போட்ட பெரிய பிளாஸ்டிக் பை, அதற்கு லாகோஸில் இன்றைக்கும் 'கானா மஸ்ட் கோ' என்றுதான் பெயர், கானாக்காரனே போ என்று அர்த்தம், அவர்கள் அள்ளிக்கட்டிக்கொண்டு போனது அந்தப் பையில். முதல்முறை அதைக் கடையில் கேட்டு வாங்கியபோது எனக்கு ஒன்றும் தெரியாது, அர்த்தம் தெரிந்த பிறகு நம்மவர்களை பர்மாவிலிருந்து சோதனை போட்டு அனுப்பிய கதைதான் ஞாபகம் வந்தது. உங்கள் ஐயா நம்பிக் காத்திருந்த தூதர், ஒரு காலத்தில் அப்படி ஆட்களை அனுப்பிய அரசில் வெளியுறவு அமைச்சர்.

பின்னால் வந்த ராணுவ ஆட்சியாளர் அபாச்சா கதை இன்னும் மோசம். 1995 நவம்பரில் எழுத்தாளர் கென் சாரோ விவாவையும் கூட எட்டுப் பேரையும் தூக்கிலிட்டார்கள், காமன்வெல்த் நைஜீரியாவை இடைநீக்கம் செய்தது. ஐ.நா.வில் நின்று அந்த அரசுக்காக வாதாடியவர் இவர்தான்.

கோட்டையூர் வாத்தியார்:

கணக்கன் சொன்ன எதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் பேரேட்டில் ஒரு பக்கம் மட்டும் எழுதுவது கணக்கும் இல்லை, உங்களுக்கே தெரியும்.

1990 முதல் 1994 வரை ஐ.நா.வின் நிறவெறி எதிர்ப்புச் சிறப்புக் குழுவுக்குத் தலைவர் இவர். மண்டேலா சிறையிலிருந்து வந்ததிலிருந்து குடியரசுத் தலைவரானது வரை உள்ள காலம் அது, வேலை முடிந்ததால் அந்தக் குழுவே கலைக்கப்பட்டது. ஒரு குழு, வேலை முடிந்துவிட்டது என்று சொல்லிக் கலைவது ஐ.நா.வில் எத்தனை அபூர்வம்!

ருவாண்டாவையும் எடுங்கள். 1994இல் நைஜீரியா பாதுகாப்புக் கவுன்சிலில் இருந்தது. படுகொலை தொடங்கிய பிறகு அங்கிருந்த சுமார் 2,500 அமைதிப்படையினரை 270 ஆகக் குறைக்க ஏப்ரல் 21 அன்று கவுன்சில் முடிவெடுத்தது. படையைக் கூட்ட வேண்டும் என்று அதற்கு முன்பு வாதாடிய சிலரில் கம்பாரி ஒருவர். பெரிய நாடுகள் எதுவும் அசையவில்லை. கடைசியில் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது, அதாவது இவர் கையும் தூக்கப்பட்டது. எனக்கு அந்தக் கைதான் உறுத்துகிறது, அபாச்சாவைவிட. பிழைப்புக்காக முதலாளிக்கு வாதாடுவது வேறு, தப்பு என்று தானே சொன்னதற்குக் கை தூக்குவது வேறு.

லாகோஸ் கணக்கன்:

அப்படியானால் இதையும் வரவு வையுங்கள். 2010இலிருந்து 2012 வரை சூடானின் டார்ஃபூரில் ஐ.நா.வும் ஆப்பிரிக்க யூனியனும் சேர்ந்து நடத்திய அமைதிப்படைக்கு இவர் தலைவர். 2012 ஜனவரியில் கார்ட்டூமில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை சாட் நாட்டு ஜனாதிபதி, பெண்ணின் அப்பா மூசா ஹிலால், டார்ஃபூரில் ஊர் ஊராகக் கொளுத்திய ஜன்ஜாவீத் கூட்டத்தின் தலைவர். சூடான் ஜனாதிபதி பஷீரும் வந்திருந்தார், அவர் மேல் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றப் பிடிவாரண்டு அப்போதே இருந்தது. இவரும் போனார், பஷீரோடு படமும் எடுக்கப்பட்டது, மனித உரிமைக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். நம் பக்கம் கல்யாண வீட்டில் மொய் எழுதிவிட்டு யார் பக்கத்தில் இலை போட்டுச் சாப்பிட்டான் என்பதை மூன்று தலைமுறைக்குச் சொல்வார்கள். அரச குடும்பத்துப் பிள்ளைக்கு இது தெரியாதா?

தேவகோட்டை ஆச்சி:

இரண்டு பேரும் சண்டை போட்டது போதும். தம்பி பர்மாவைக் கேட்டது, நீங்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டிருக்கிறீர்கள்.

நான் பர்மாவில் பெகுவில் பிறந்தவள். 1964இல் ஒன்பது வயதில் கப்பலில் வந்தேன், துறைமுகத்தில் ஆத்தாவின் தோட்டைக்கூடக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். அதனால் 2007இல் டி.வி.யில் காவி கட்டிய பிக்குகள் தெருவில் போவதைப் பார்த்தபோது நாங்கள் ஐந்தாறு வீட்டுக்காரர்கள் ஒன்றாக உட்கார்ந்து பார்த்தோம். ஆகஸ்டில் டீசல் விலையை ஒரே நாளில் இரண்டு மடங்காக்கியதில் ஆரம்பித்தது அது. செப்டம்பர் கடைசியில் சுட ஆரம்பித்ததும் இந்தக் கம்பாரியை அனுப்பினார்கள். அதற்கு முந்தைய வருடமே இரண்டு தடவை போய் சூகியைப் பார்த்தவர் என்பதால் இவருக்கு வழி தெரியும் என்று எங்களுக்கு ஒரு நம்பிக்கை.

போனவரை உடனே பெரிய ஜெனரலிடம் விடவில்லை. லாஷியோவில் ஏதோ கருத்தரங்கு என்று அங்கே அனுப்பி உட்கார வைத்தார்கள். நாலாம் நாள்தான் அந்தப் பெரிய ஜெனரல், தான் ஷ்வே என்று பெயர், முகம் காட்டினார். நவம்பரில் மறுபடி போனபோது அந்த ஆள் பார்க்கவே இல்லை. ஆனால் அந்தத் தடவை சூகி கொடுத்த அறிக்கையை இவர் வாங்கிக்கொண்டு வந்து சிங்கப்பூரில் வாசித்துக் காட்டினார், அரசோடு பேசத் தயார் என்று. அன்றைக்கு எங்கள் தெருவில் ஒருத்தர் மிட்டாய் வாங்கிக் கொடுத்தார். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது.

எனக்கு இவரைப் பார்த்தால் எங்கள் அப்பச்சி கடை ஏஜெண்டு ஞாபகம்தான். கடல் தாண்டிக் கொண்டுவிற்கப் போகிறவர்களுக்கு எல்லாம் தெரியும், ஏஜெண்டு என்றால் கெட்டிக்காரனாக இருப்பான், பாஷை தெரியும், மூன்று வருடக் கணக்குக்குச் சம்பளச் சீட்டு எழுதிக்கொண்டு கப்பலேறுவான், ஆனால் பெட்டியில் இருக்கிற பணம் முதலாளியுடையது. முதலாளி பணம் அனுப்பாவிட்டால் ஏஜெண்டு கடை வாசலில் உட்கார்ந்து மரியாதையாகப் பேசலாம், அவ்வளவுதான். இவருடைய முதலாளி யார், பாதுகாப்புக் கவுன்சில். 2007 ஜனவரியிலேயே பர்மா பற்றிய தீர்மானத்தைச் சீனாவும் ரஷ்யாவும் வீட்டோ போட்டுத் தள்ளிவிட்டன. அது ஜெனரலுக்குத் தெரியாதா? காலிப் பெட்டியோடு வந்திருக்கிற ஏஜெண்டு என்று தெரிந்துதான் லாஷியோவுக்கு அனுப்பினான்.

கணக்கன் தம்பி சொன்ன நைஜீரியக் கதையும் இதேதான். புகாரி, அவரைக் கவிழ்த்த பாபாங்கிடா, அப்புறம் அபாச்சா என்று முதலாளி மாறிக்கொண்டே இருந்தார்கள், ஏஜெண்டு மாறவில்லை. கெட்டவர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கடையே இல்லாமல் ஏஜெண்டாக மட்டும் இருக்கப் பழகிவிட்டவர்.

அந்தக் கோடு, தம்பி: எத்தனை தடவை போனார் என்று எண்ணிப் பாருங்களேன்.

கோட்டையூர் வாத்தியார்:

ஆச்சி, அடித்தீர்கள். எண்ணினேன். 2006 மே, 2006 நவம்பர், 2007 செப்டம்பர் கடைசி, 2007 நவம்பர், 2008 மார்ச், 2008 ஆகஸ்ட். ஆறு தடவை. தம்பியின் ஐயா போகும்வரை ஆறுதான். அதற்குப் பிறகு 2009இல் இரண்டு தடவை போனார், ஆக மொத்தம் எட்டு. அப்புறம் டார்ஃபூருக்கு மாற்றிவிட்டார்கள், பர்மா வேலையை நம் நாட்டு விஜய் நம்பியார் பார்த்தார்.

ஆறாவது தடவைக்கு ஏன் வட்டம் என்றும் தெரிகிறது. 2008 மேயில் நர்கிஸ் புயல், அதன் ஈரம் காய்வதற்குள் ராணுவம் தன் அரசியல் சட்டத்துக்கு வாக்கெடுப்பு நடத்தி முடித்துவிட்டது. ஆகஸ்டில் இவர் போனபோது, வீட்டுக் காவலில் இருந்த சூகி இவரைப் பார்க்க மறுத்தார். இவருடைய உதவியாளர்கள் அவர் வீட்டு வாசலில் நின்று ஒலிபெருக்கியில் கூப்பிட்டார்கள். கதவு திறக்கவில்லை.

காரைக்குடி முதுகலை மாணவி:

ஐயா, சின்ன சந்தேகம். நம் கே.ஆர். நாராயணனும் லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில் படித்தவர், தூதர், ஜே.என்.யூ. துணைவேந்தர், ராஜீவ் அமைச்சரவையில் இணையமைச்சர். ரங்கூன் தூதரகத்தில் வேலை பார்த்தபோதுதான் மனைவியையே சந்தித்தார். பாதை ஒன்று மாதிரிதானே இருக்கிறது?

கோட்டையூர் வாத்தியார்:

படிப்பு ஒன்று, பாதை வேறு அம்மா. நாராயணன் ஒற்றப்பாலத்தில் நின்று ஓட்டு வாங்கி ஜெயித்த பிறகு அமைச்சரானார். கம்பாரி எந்தப் பதவிக்கும் ஓட்டுக் கேட்டு வந்தவர் இல்லை, எல்லாம் யாராவது கூப்பிட்டுக் கொடுத்தது. கடைசியில் கூப்பிட்டவரும் பழைய முதலாளிதான், ஆச்சி பாஷையில் சொன்னால். புகாரி முப்பது வருடம் கழித்து 2015இல் தேர்தலில் ஜெயித்து வந்தார். அவருடைய தலைமைச் செயலர் அபா கியாரி 2020 ஏப்ரலில் கொரோனாவில் இறந்ததும், அந்த இடத்துக்கு 75 வயது கம்பாரியை அழைத்தார். 2023 மேயில் புகாரியின் பதவிக்காலம் முடியும்வரை இருந்தார்.

கடியாபட்டிக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. கணக்கன் அண்ணே, தைத்தது உண்மைதான், பரவாயில்லை.

ஆச்சி சொன்னதைப் படித்துவிட்டு அப்பத்தாவுக்குப் போன் போட்டேன். 89 வயது, காது பாதிதான் கேட்கும். கோட்டைச் சுற்றி வட்டம் என்றால் என்ன என்று கத்திக் கேட்டேன். "பேரேட்டைப் பாருடா" என்று மட்டும் சொல்லிவிட்டு, மழை பெய்ததா, ஓடு ஒழுகுகிறதா என்று வேறு கதைக்குப் போய்விட்டார்.

பேரேடு இரண்டையும் சென்னைக்கு எடுத்துவந்திருந்தேன். இன்று புரட்டினேன். பெயர்கள் பர்மிய எழுத்தில், தொகை தமிழில். வசூலான கடனுக்கு நேரே ஒரு கோடு. வசூலாகாத கடனுக்குக் கோடு போட்டு அதைச் சுற்றி வட்டம், அதே மாதிரி, பென்சிலில். 1963 பக்கங்களில் அங்கொன்று இங்கொன்று இருக்கிறது. 1964இல் கடைசி நாலு பக்கம் முழுவதும் வட்டம்தான்.

அந்தப் பக்கங்களைப் படம் எடுத்து நாளைக்குப் போடுகிறேன். ஆச்சி, உங்களுக்குப் பர்மிய எழுத்து படிக்க வருமா?